கணக்கில் சேராத தொண்ணூறு சென்டிமீட்டர்

பிப்ரவரி 9, திங்கள்

அம்மா போட்ட கணக்கு தவறு என்று இன்று நான் சொல்லவில்லை.

தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்து விழுகிறது. ஒவ்வொரு முறையும், விழுந்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே எழும்புகிறது. அது ஓய்ந்து நிற்பதற்குள் மொத்தம் எவ்வளவு தூரம் போயிருக்கும்? அம்மா ஏறுவதும் இறங்குவதும் என்று எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினாள். முதல் தொண்ணூறையும் சேர்த்தே பெருக்கினாள். 540 என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள். சரியான விடை 450.

"சரியா பாப்பா?"

நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "சூத்திரம் சரியா போட்டிருக்கம்மா" என்றேன். சூத்திரம் சரிதான்.

அம்மா பால்வாடியில் ஆயா. பதினோரு வருடமாக. மங்கையர்க்கரசி டீச்சர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அம்மா அதற்குள் பத்தாவது தேறிவிட்டால் அந்த இடம் அவளுக்கு. மற்ற நாலு பாடமும் தனித்தேர்வராக எழுதித் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் முதல் தடவை 22, இரண்டாம் தடவை 31. ஏப்ரல் 6 மூன்றாவது. இதுவும் போனால் வெளியிலிருந்து யாரையாவது போடுவார்கள்.

"உன் வயசுல ஒரு பொண்ணு வந்து, ஆயா அந்தப் பாயச் சுருட்டுன்னு சொல்லும். சொல்றது தப்பில்ல. சுருட்டப்போறது நானாச்சே" என்று போன வாரம் சொன்னாள்.

கணக்கு நோட்டைப் பார்த்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று சிரித்தாள். அதைக் கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. கல்லூரிப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அம்மாவும் நானும் இந்தப் பாடத்தைத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. கூட்டுத் தொடர்வரிசையில் அவளுக்குத் தகராறு இல்லை. வரிசையாகப் பாய் போட்டுக்கொண்டே போவதுபோல என்று அவளே சொல்லிவிட்டாள். பெருக்குத் தொடர்வரிசையில்தான் நின்றாள். ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று எழுதினேன். எந்த எண்ணால் பெருக்கிப் பெருக்கி அடுத்தது வருகிறதோ அது பொது விகிதம் என்றேன். பேனாவைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இது பேன் கணக்குடி."

"என்னது?"

"திங்கக்கெழம ஒரு புள்ள தலையில பேனு. செவ்வாக்கெழம அதுகூடப் படுத்த மூணு புள்ளைக்கு. அந்த மூணும் ஆளுக்கு மூணு பேருக்குக் குடுத்தா புதன்கெழம ஒம்போது."

"அப்ப நாலு நாள்ல மொத்தம் எத்தனை புள்ளைக்கு? அதுதாம்மா கூடுதல்."

சூத்திரத்தில் போட்டாள். நாலு மூன்றுகளைப் பெருக்கினால் எண்பத்தொன்று. ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் நாற்பது. விடையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"எங்க மையத்துல இருபத்தாறு புள்ளைங்கதான. மிச்சப் பேனெல்லாம் எங்க போகும்?"

"கணக்குக்கு அந்தக் கவலை இல்லம்மா."

"அப்ப உன் தலைக்குத்தான்" என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் பெருக்குத் தொடருக்குப் பேன் கணக்கு என்று பெயர்.

கடையில் பாடப்புத்தகம் இருப்பில்லை. கைடில் விடை மட்டும்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கணக்கையும் நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதித் தருகிறேன். அம்மா இன்று கேட்டாள்.

"இப்படிக் கைவலிக்க எழுதணுமா? உன் பத்தாவது புத்தகம் எங்க?"

"என் கணக்குப் புத்தகம் அந்த வருஷ மழையில ஊறிப்போச்சேம்மா. பழைய பேப்பர்காரருக்குப் போட்டோமே."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பிப்ரவரி 21, சனி

நூலகத்தில் எடுத்த மொழிபெயர்ப்பு நாவலை இரண்டாம் முறை புதுப்பித்தேன். ஒருவன் ஒரு தவறைச் செய்துவிட்டு அதைப் பற்றி அறுநூறு பக்கம் யோசிக்கிறான். யோசிக்கவாவது செய்கிறான்.

மாலையில் மறுபடி முடிவுறாத் தொடர். சூத்திரத்தை மனப்பாடமாகப் போடுகிறாள், ஏன் என்றுதான் பிடிபடவில்லை. அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

"முடியவே முடியாதுங்குற. அப்புறம் கூட்டுனா விடை வருதுங்குற. ஏமாத்துறியா?"

பத்தாவதில் நானும் இங்கேதான் நின்றேன். கணக்கு வாத்தியார் போர்டில் நீளமாக ஒரு கோடு போட்டு, பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போனார். சாக்பீஸ் தூள்தான் மிச்சம். இன்டர்வெல்லில் என் பக்கத்தில் உட்காரும் பெண் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்தாள். பாதியை உடைத்து எனக்குத் தந்தாள். தின்றேன். மிச்சத்தில் பாதி. அதிலும் பாதி. கடைசியில் நகத்தில் ஒட்டியிருந்த வெல்லத்தைக் காட்டி, "இதுலயும் பாதி உனக்குத்தாண்டி. இப்படியே குடுத்துக்கிட்டே இருந்தாலும் எத்தனை மிட்டாய் தின்னுருப்ப? ஒன்னு. ஒன்னத் தாண்டவே மாட்ட" என்றாள். மணி அடித்து வகுப்புக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது, மிட்டாய் மொத்தத்தையும் நானே தின்றிருக்கிறேன் என்று.

அந்தப் பள்ளிக்கூடத்து வேப்பமரம், தண்ணீர்க் குழாயடியின் பாசி, மூன்றாம் பெஞ்சின் ஆடுகிற கால், அதற்கு முட்டுக்கொடுத்த மடித்த காகிதம் எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்தக் காகிதத்தை வாரா வாரம் மாற்றுவது அவள் வேலை.

அம்மாவிடம் மிட்டாய்க் கதையை மட்டும் சொன்னேன். புரிந்துவிட்டது.

"கெட்டிக்காரப் புள்ள. பேரு என்ன?"

"மறந்துபோச்சும்மா."

மறக்கவில்லை.

மார்ச் 4, புதன்

அம்மா போனை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து, தூங்காத நாலைந்து குழந்தைகள் சிவப்புப் பந்தைத் தரையில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தன. பந்து நின்றதும் ஒரே குரலில், "ஆயா!" அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடி போட்டார்கள். "ஆயா!" நான் நின்ற பத்து நிமிடத்தில் பதினாலு தடவை குனிந்தாள். மங்கையர்க்கரசி டீச்சர் ரெஜிஸ்டரிலிருந்து நிமிர்ந்து, "உங்கம்மாவ இந்த வாட்டி தாண்ட வெச்சிடு பூங்கோதை. எனக்கு அப்புறம் இதுங்கள வேற யாரு கட்டி மேய்ப்பா?" என்றார்.

திரும்பி வரும் வழியில் தீர்மானித்தேன், இன்று சொல்லிவிடுவது என்று. மாலையில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்தப் பந்து கணக்குல, முதல் தொண்ணூறையும் ஏம்மா ரெண்டால பெருக்கின?"

"ஏறி இறங்குதுல்ல."

"முதல்ல இறங்க மட்டும்தானே செய்யுது?"

"தொண்ணூறு சென்டிமீட்டர் மேல பந்து தானா போய் ஒக்காந்துச்சா? கீழ கெடந்ததக் குனிஞ்சு ஒருத்தர் எடுத்திருப்பாங்கல்ல. அந்தத் தூரத்த யாரு சேப்பா?"

சிரிக்கத்தான் செய்தேன். அதோடு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். இதற்கு ஒரு பதில் உண்டு. எனக்கு அதை ஒருத்தி ஒரு வரியில் சொல்லியிருக்கிறாள். அது எந்தப் பக்கத்தில், எந்த ஓரத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியும்.

மாதிரித் தேர்வு வைத்தேன். 29.

மார்ச் 16, திங்கள்

ஹால் டிக்கெட் வந்தது. போட்டோவில் அம்மா யாரையோ முறைக்கிறாள். "போட்டோக்காரனத்தான்" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

மீன் வாங்கப் போயிருந்தேன். வரும்போது ஸ்டூல் பரணுக்குக் கீழே இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் பழைய பள்ளிக்கூடப் பை. வடிவியலுக்குக் காம்பஸ் பாக்ஸ் தேடியிருக்கிறாள். பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. மடியில் பழுப்பு அட்டை போட்ட கணக்குப் புத்தகம்.

நான் மீன் பையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இந்தப் புத்தகத்துல பாடத்தவிட ஓரத்துல எழுதினதுதான் ஜாஸ்தி" என்றாள் அம்மா. "நீலப் பேனா நீ. பென்சில் யாரு?"

அவள் விரல் வைத்திருந்த பக்கத்தைப் படித்தாள், பால்வாடியில் கதை படிக்கிற குரலில்.

"'ஏ மக்கு, முதல்ல விழுறது ஒரு தடவைதான். மிச்சமெல்லாம் ஏறி இறங்கும், அதெல்லாம் ரெண்டு தடவை.' இது பென்சில். அதுக்குக் கீழ நீ: 'அப்போ மேலே யார் தூக்கினது?' அதுக்குப் பென்சில்: 'யாரோ தூக்கினாங்க. கணக்கு கையை விட்டப்புறம்தான் ஆரம்பிக்கும்.'"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேட்டதையேதான் நீயும் கேட்டிருக்க."

"ம்."

"என் விடை தப்புன்னு அன்னிக்கே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"ஒன்றரை மாசமா வாயத் தொறக்கல. நல்லவேள, இந்தப் புள்ள சொல்லிச்சு."

முதல் பக்கத்தைத் திருப்பினாள். லேபிளில் மு. சுகுணா, பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.

"உன் புத்தகம் மழையில போச்சுன்ன."

"என் புத்தகம் போச்சும்மா. இது அவளோடது."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே நீலப் பேனாவில், என் கையெழுத்தில், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பெண்கள் விடுதி விலாசம். அதற்குக் கீழே "சனிக்கிழமை" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு.

"எந்தச் சனிக்கெழம?" என்றாள் அம்மா.

மீன் கழுவாமல் இருந்தது. அதைச் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன்.

மார்ச் 23, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

என் புத்தகம் நவம்பர் மழையில் போனது. பாதி வருடத்தில் மறு புத்தகம் கிடைக்கவில்லை. சுகுணா தன்னுடையதைத் தந்தாள். "நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. எனக்கு வகுப்புல பாத்தாலே போதும்" என்றாள். உண்மைதான், அவளுக்குப் போதும். பகலில் பெஞ்சில் நடுவில் வைத்துப் படிப்போம், பேசினால் திட்டுவார்கள் என்பதால் ஓரத்தில் எழுதுவோம். மாலையில் அவள் ஊர் பஸ் ஏறுவாள், புத்தகம் என்னோடு வரும்.

பொங்கல் விடுமுறையில் அவள் அப்பா இறந்துபோனார். அதன் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள். பிப்ரவரியில் ஒரு நாள் அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். விடுதி வார்டனின் போனிலிருந்து சுகுணா.

"பரீட்சைக்கு லீவு தர்றேன்னு சொல்லிட்டாங்கடி. மத்த புத்தகமெல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன். கணக்கு மட்டும் அனுப்பு. விலாசம் எழுதிக்க."

கையில் இருந்தது அந்தப் புத்தகம்தான். அதிலேயே எழுதினேன். சனிக்கிழமை அனுப்பிவிடுகிறேன் என்றேன். சொன்னபோது அனுப்புவதாகத்தான் இருந்தேன். திங்கட்கிழமை திருப்புதல் தேர்வு. அது முடியட்டும் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அடுத்த திருப்புதல். அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தில் பாதியாக இருந்தது. பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. பூஜ்யத்தை மட்டும் அது தொடவே இல்லை. இன்றுவரை தொடவில்லை.

தேர்வு அறையில் ஒரு மேசையில் சாக்பீஸால் எழுதிய அவள் எண் இருந்தது. ஐந்து தேர்வுக்கும் அந்த மேசை காலி. புத்தகம் இல்லாததாலா, லீவு தராததாலா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது. அவள் மறுபடி அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அந்தப் புத்தகத்தைப் படித்து 84 வாங்கினேன். பந்து கணக்கும் வந்திருந்தது.

நேற்று இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் மீன் குழம்பை இறக்கினாள், சாதம் வடித்தாள்.

"நாளைக்கே அனுப்பிடுறேம்மா" என்றேன்.

"பரீட்சைக்கு ரெண்டு வாரந்தான இருக்கு. முடியட்டும். இப்ப எனக்கு வேணுமே."

சொல்லிவிட்டு அகப்பையோடு அப்படியே நின்றாள். அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது சொன்னாள்: "காலையில போஸ்டாபீஸ் தொறந்ததும் போ. கையெழுத்து வாங்கிட்டு வந்து குடுப்பாங்களே, ஒரு அட்டை, அதோட அனுப்பு."

"உனக்கு?"

"நீ எழுதிக் குடுத்த நோட்டு இருக்கு. பேன் கணக்கு இருக்கு. போதும்."

காலையில் பழைய அட்டையைப் பிரித்துவிட்டுப் புது பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தாள். ஓரங்களை எல்லாம் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அவ எழுதினது அவளுக்கு" என்றாள். தபால் நிலையத்து வாசலில் நின்று ஒரே ஒரு பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் என்று எழுதத் தேவையில்லை.

உள்ளே ஒரு கடிதம் வைத்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவதாக எழுதியதில் மூன்று வரி இருந்தது. விலாசம் நாலு வருடம் பழையது. திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 28, சனி

மாதிரித் தேர்வு. 34. அம்மா அந்த நாலுக்குப் பக்கத்தில் ஒரு பேன் படம் வரைந்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

வெளியே கேட்டுக்கு எதிரில் ஜூஸ் கடை நிழலில் நின்றேன். தேர்வு முடிந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நடுவே அம்மா, பச்சைப் புடவை, கையில் கண்ணாடிப் பை, அதற்குள் காம்பஸ் பாக்ஸ். ஒரு பையன் அவளைப் பார்த்து, "மேடம், பேப்பர் எப்போ திருத்துவீங்க?" என்றான். "நான் எழுதுனதத் திருத்துறவங்களக் கேளுப்பா" என்றாள்.

"எப்படிம்மா?"

"வடிவியல் போட்டேன். கிராஃப் கோடு கோணலாப் போச்சு. ஒரு கணக்குல பாதியில நின்னுட்டேன்." கரும்புச் சாற்றை ஒரு மடக்கு குடித்தாள். "பந்து வந்துச்சு. அஞ்சு மார்க்கு. எண்பதுலேருந்து விழுது, முக்கால் பங்கு ஏறுது."

மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். எண்பது. பிறகு அறுபதிலிருந்து தொடங்கும் தொடர், கூடுதல் இருநூற்று நாற்பது, அதன் இரு மடங்கு. "ஐந்நூற்று அறுபதா?"

"அறுநூத்து நாப்பதுன்னு எழுதிட்டேன்னு பயந்தியா?" என்றாள். "ஐந்நூத்து அறுவதுதான். தூக்குனதச் சேக்கல."

டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள், எனக்கு இல்லை, தெருவுக்குச் சொல்வதுபோல: "அவங்க சேக்காட்டி என்ன, எனக்குத் தெரியும்ல."

ஏப்ரல் 11, சனி

ஒப்புகை அட்டை வந்தது.

பெறுபவர் கையெழுத்து என்ற இடத்தில் பென்சிலில் எழுதியதுபோல மெல்லிய பேனாவில்: மு. சுகுணா. கடைசி எழுத்தின் காலை அவள் எப்போதும் வரிக்குக் கீழே நீட்டுவாள். நீட்டியிருக்கிறாள்.

திரும்பி வரும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. அதே விலாசம், அதே விடுதி. நாலு வருடமாக அவள் அங்கேயேதான் இருக்கிறாள்.

அட்டையை அம்மா வாங்கிப் பார்த்தாள். "புத்தகம் போய்ச் சேந்துடுச்சு" என்றாள். பிறகு இரண்டு பேரும் துணி மடித்தோம்.

மே 20, புதன்

38.

அந்த ஐந்து இல்லாமல் 33. அம்மா போனை என்னிடமிருந்து பிடுங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு மங்கையர்க்கரசி டீச்சருக்கு போன் செய்து, போனை என்னிடமே திருப்பித் தந்தாள்.

ஜூலை 1, புதன்

அம்மா இன்று டீச்சராகச் சேர்ந்தாள். குழந்தைகள் இன்னும் ஆயா என்றுதான் கூப்பிடுகின்றன. புது ஆயா வர மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை ரெஜிஸ்டரும் அவள்தான், பந்தும் அவள்தான்.

அம்மாவின் மதிப்பெண் பட்டியலின் நகலை மே மாதமே சுகுணாவுக்கு அனுப்பினேன், பந்து கணக்கு வந்ததையும் எழுதி. அதற்கும் ஒப்புகை அட்டை வந்தது, அவள் கையெழுத்தோடு. கடிதம் வரவில்லை.